தெரிவிக்கப்படும்

கீபோர்டு செத்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்ததும் அது கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக நசுக்கி அடித்தாள். அப்போதும் இல்லை.

லினக்ஸில் அது கண்ணுக்குத் தெரியாமல்தான் விழும் என்று, கைப்பேசியில் அவள் படித்துக்கொண்டிருந்த செய்முறையில் இரண்டு பக்கம் தள்ளி எழுதியிருந்தது. 'மிக எளிது' என்று முதல் வரியிலேயே எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை முதலில் சொல்லத் தோன்றவில்லை.

மறுபடி நிதானமாக அடித்து, என்டரைத் தட்டினாள்.

கறுப்புத் திரையில் இரண்டு வாக்கியங்கள் வந்தன. இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

யாருக்கு என்று சொல்லவில்லை.

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தச் சிறிய கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இன்று அவளுக்கு வெள்ளோட்டம். "சாயங்காலம் பூட்டறதுக்குள்ள இதுல வைஃபை வந்துடுச்சுன்னா வேலை உங்களுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போயிருந்தார்.

டாக்டரின் மச்சான் ஒரு நாள் வந்து, பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸை இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். அன்றிலிருந்து கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில், இணையம் மட்டும் டாக்டரின் கைப்பேசியில். மருந்து வேண்டுமென்றால் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்புவார். இனிமேல் கம்ப்யூட்டரிலிருந்தே ஆர்டர் போட வேண்டும், படம் அனுப்பினால் மருந்து வராது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

அவளோ பதினைந்து வருடம் கழித்து வேலைக்குக் கிளம்பியவள். காலையில் செருப்பை மாட்டும்போதே கணவன் ஆரம்பித்திருந்தான். "மிக்ஸியவே நீ ரெண்டு அறை அறைஞ்சுதான் ஓட வைக்கிறே. கம்ப்யூட்டர் பாவம்டி."

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் அவளைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்தது.

மேசைக்கடியில் குனிந்து தங்கைக்கு ஃபோன் போட்டாள். தங்கை முழுவதையும் கேட்டுவிட்டு, "யாருக்குத் தெரிவிக்கும்னு போட்டிருக்கு?" என்றாள்.

"போடலடி."

"அப்ப பெரிய இடமாத்தான் இருக்கும்க்கா."

வாசல் மணி அடித்தது. முறுக்கிய மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒருவர் நேராக மேசைக்கு வந்தார். அதற்குள் ஆளே வந்துவிட்டதா என்று அவள் திரையைக் கையால் மறைத்தாள்.

"பூச்சி மருந்து" என்றார் அவர். அவருடைய காலுக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி ஒளிந்திருந்தது.

அவரை உள்ளே அனுப்பியதும் அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு யோசனையும் வந்தது.

தெரிவிப்பதென்றால் எது வழியாகத் தெரிவிக்கும்? இணையம் வழியாக. இணையம்தான் இல்லையே! அப்படியானால் புகார் இன்னும் இந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது, வெளியிலிருந்து பூட்டிய வீட்டில் மாட்டிக்கொண்ட கோள்மூட்டியைப் போல.

சிரித்துக்கொண்டாள். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. அந்தக் கதவைத் திறக்கத்தானே அவளை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

வைஃபை வந்தால் வேலை கிடைக்கும். ஆனால் முதல் ஆளாகக் கோள்மூட்டிதான் வெளியே ஓடுவான். வராவிட்டால் அவள் தப்பித்தாள், ஆனால் மிக்ஸியிடமே திரும்பிப் போக வேண்டும்.

கறுப்புத் திரையை மூடினாள். மூலையில் சின்னச் சின்னப் படங்கள் தெரிந்தன. ஒன்றைச் சொடுக்கியதும் ஒரு பட்டியல் இறங்கியது. அதில் வைஃபைக்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அணைந்திருந்தது.

அவ்வளவுதான். கட்டளையும் வேண்டாம், கறுப்புத் திரையும் வேண்டாம். அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைப்பதுபோல் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

மவுஸின் அம்புக்குறியை அந்தப் பொத்தானின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். விலக்கினாள். மறுபடி நிறுத்தினாள்.

உள்ளே ஒரு பூனை, ஊசிக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துக் கத்தியது.

கம்ப்யூட்டர் பாவமாம்.

சொடுக்கினாள். ரவுட்டரைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்து அடித்தாள். இந்தத் தடவை புள்ளிகள் சமர்த்தாக வரிசைகட்டி விழுந்தன. திரை மூலையில் வைஃபையின் சின்ன விசிறிப் படம் விளிம்புவரை நிறைந்தது.

போயிருக்கும். இந்நேரம் போய்ச் சேர்ந்தும் இருக்கும்.

துண்டால் கையைத் துடைத்தபடி டாக்டர் வெளியே வந்தார். விசிறியைப் பார்த்தார். ஒரு பாராட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அந்தக் கறுப்புத் திரையில ஏதாவது அடிச்சீங்களாம்மா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"அடிச்சேன் டாக்டர். யாருக்கோ தெரிவிக்கப் போறதா சொல்லுச்சு."

டாக்டர் வாசல்வரை போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் டாக்டர்?"

"கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க." குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்தி எழுதினது மூணு வருஷமா உள்ளேயே கெடந்துச்சு. இப்ப ரெண்டும் சேர்ந்து போயிருக்கும்."

வாசல் மணி அடித்தது.

இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.