குளம் மாதிரி கிடக்கும்

"நாளைக்கா? ஒண்ணும் இருக்காதுங்க. கடல் குளம் மாதிரி கிடக்கும். போய்ப் படுத்துத் தூங்குங்க."

வாசலில் நின்ற இரண்டு ஜெர்மன்காரர்களிடம் டிக்லன் கண் இமைக்காமல் சொன்னான். அவர்களுடைய வேன் கூரையில் அலைச்சறுக்குப் பலகைகள் கட்டியிருந்தன. பாவம், நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

பச்சைப் பொய். விடிந்தால் அயர்லாந்தில் எங்கள் டொனிகல் கரையில் எப்போதோ ஒருமுறை வருகிற பேரலை வரப்போகிறது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் வெளியூர்க்காரனிடம் நிஜத்தைச் சொல்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கூட்டம் சேர்ந்தால் எங்களுக்கு அலை மிஞ்சாது. டிக்லன் மீசை முளைத்த நாளிலிருந்து இதே வாசலில் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தம்பி லோர்கன் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வளர்ந்தவன்.

கதவைச் சாத்திவிட்டு டிக்லன் உள்ளே வந்தான். அடுப்பங்கரையில் லோர்கனின் மனைவி ஃபினோலா உட்கார்ந்திருந்தாள். ஊற்றிக் கொடுத்த டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.

"இதையே அவர்கிட்டயும் சொல்லிடுங்க அத்தான்."

"யாருகிட்ட, லோர்கன்கிட்டயா?"

"இப்ப போன் பண்ணுவார். உங்க வாயால இல்லைன்னு வந்தாத்தான் அடங்குவார். நான் சொன்னா எங்க கேக்கறார்?"

அக்டோபர் மாதம் அலையில் சறுக்கும்போது லோர்கனின் தலை பாறையில் மோதியது. மண்டைக்குள் ரத்தம் கசிந்து, பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு அடி பட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இனி கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவன், கூடவே ஒரு வாலையும் ஒட்டவைத்திருந்தான். பெரிய நாள் வந்தால் மட்டும் அவனை யாரும் தடுக்கக்கூடாதாம்.

"டப்ளின்லதானே இருக்கான்? அவன் போன்லயே பார்த்துப்பானேம்மா."

"பார்த்துட்டார். அலை சுமார், காத்து மோசம்னுதான் போட்டிருக்காம். எதுக்கும் அண்ணனைக் கேட்டுடறேன்னார்."

டிக்லனுக்குத்தான் விஷயம் தெரியும். போன் அலையின் உயரத்தைத்தான் காட்டும், அது பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கடலில் மிதக்கிற அளவுக் கருவி காட்டும் கணக்கில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே உள்ள இடைவெளி மத்தியானத்திலிருந்து நீண்டுகொண்டே போனது. இடைவெளி நீண்டால் கடல் அடியோடு பெயர்ந்து வருகிறது என்று அர்த்தம். எங்கள் பாறைத்திட்டில் ஏறும்போது அது இரண்டு மடங்காகும். காற்றும் விடியற்காலையில் திசை மாறி அடங்கிவிடும். இதையெல்லாம் லோர்கனுக்குச் சொல்ல அண்ணனை விட்டால் நாதி கிடையாது.

"அலை விஷயத்துல அவன்கிட்ட நான் பொய் சொன்னதே இல்லம்மா. ஊருக்கெல்லாம் சொல்லுவேன், அவனுக்குச் சொன்னதில்ல."

"அப்ப உண்மையைச் சொல்லி அவரைக் கொன்னுடுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

போன் அடித்தது.

"அண்ணே, நாளைக்கு எப்படி?"

 ஃபினோலா டிக்லனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் பழகியதுதான் வந்தது.

"ஒண்ணும் இருக்காதுடா. கடல் குளம் மாதிரி கிடக்கும். போய்ப் படுத்துத் தூங்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று டிக்லன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"அப்படியா," என்றான் லோர்கன் மெதுவாக. "சரிண்ணே, தூங்கறேன்."

ஃபினோலா டிக்லனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும் அத்தான்," என்றாள். தம்பியை ஏமாற்றிய கூச்சம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒரு உயிர் தப்பியது என்று டிக்லனுக்கும் மூச்சு வந்தது.

விடியும்போது இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள். டிக்லன் பலகையைத் தொடவே இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தான். காற்று அவன் கணித்தபடியே அடங்கியிருந்தது. பாறைத்திட்டில் எழுந்த ஒவ்வொரு அலையும் தேவாலயக் கூரை உயரம் இருந்தது. ஊர்க்காரர்கள்கூட இன்னும் வந்து சேரவில்லை, ஒரு ஈ காக்கை இல்லை.

"அவர் இப்ப நல்லாத் தூங்கிட்டிருப்பார்," என்றாள் ஃபினோலா.

மாட்டுப்பட்டிக் கதவுக்குப் பின்னால் ஒரு வேன் நின்றிருந்தது. டப்ளின் நம்பர். டிக்லன் ஓடிப்போய் முன்பக்கத்தில் கை வைத்தான், இன்னும் சூடாக இருந்தது.

கீழே, இடுப்பளவு தண்ணீரில், கறுப்பு ரப்பர் உடையும் தலையுறையுமாக ஒருவன் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஓடிப் பிடிக்கிற தூரம் இல்லை. ஃபினோலா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு அலை உடைந்து ஓய்ந்தது. அடுத்தது வருவதற்குள் நீண்ட அமைதி. அந்த அமைதியில் டிக்லன் தொண்டை கிழியக் கத்தினான்.

"லோர்கன், நில்லுடா! ஒண்ணும் இருக்காதுன்னுதானே சொன்னேன்? எதுக்குடா வந்தே?"

லோர்கன் திரும்பினான். அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவன் முகமெல்லாம்.

"வெளியூர்க்காரனுக்குச் சொல்ற குளத்தை எனக்கே சொன்னியேண்ணே, அப்பவே பலகையை வண்டியில ஏத்திட்டேன்."