பதில் வரும் வரை

வெற்றிலை, பாக்கு, பூ, குங்குமம் என்று தட்டு நிறைந்திருந்தது. அதில் கற்பூரத்தை ஏற்றுவதற்குள் அபிநயா மூன்று தீக்குச்சியை வீணாக்கினாள்.

"கல்யாணப் பொண்ணு கணக்கா தடுமாறுறியே!" என்று சிரித்தாள் அத்தை ராஜாம்பாள்.

அது கல்யாணத் தட்டு இல்லை. அபிநயா வேலை பார்க்கும் கல்லூரி வெள்ளிமலைக்கு மேலே நிறுத்தியிருந்த பெரிய ஆன்டெனாவுக்குப் பூசை. எங்கோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று, இங்கிருந்து ரேடியோவில் ஒரு வணக்கம் போகப்போகிறது.

டிராக்டரோ டிரான்ஸ்மிட்டரோ, கற்பூரம் காட்டாமல் சுவிட்சைத் தொட விடுவாளா அத்தை? கச்சிராயபாளையத்திலிருந்து அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள். அதற்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது.

"அண்ணா, தையிலயே கல்யாணத்த முடிச்சிடலாம். எம்மவன் அஜித்துக்கு இன்னா கொற? அவனக் கட்டிக்கினு வந்தா இவளுக்கு இந்த வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்டப் பாத்துக்கினா போதும்."

பக்கத்தில் நின்ற அப்பா சடையன், தங்கை முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை மறுத்துப் பேசி அபிநயா பார்த்ததே இல்லை. இனி தானே வாயைத் திறந்தால்தான் உண்டு.

"நட்சத்திரத்துலேர்ந்து பதில் வரட்டும் அத்த. அது வரிக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

"அவ்ளோதானா? போன்ல சேதி போட்டா அடுத்த நிமிசமே பதில் வருது. இது எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்," என்று குறுக்கிட்டார் அப்பா. "பதில் வர்ற வரிக்கும் பேச்செடுக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணிடுவோம். நீ மொதல்ல கைய வையி ராஜாம்பா."

அத்தை தயங்காமல் அணைத்தாள். அப்பா இன்னொரு வில்லையை ஏற்றித் தானும் அணைத்தார். அபிநயா சுவிட்சை அழுத்தினாள், சேதி போயிற்று.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தையோ, "வந்துச்சா? வந்துச்சா?" என்று ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றி வந்து, கால் கடுத்து, கீழே டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

உயிரே போனாலும் கற்பூரச் சத்தியத்தை மீறாத மனுஷர் அப்பா. அவரையா இப்படி மாட்டிவிட்டோம் என்று நினைத்து, அபிநயா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, ஒங்கள ஏமாத்திட்டேம்பா. சேதி அங்க போய்ச் சேரவே பன்னெண்டு வருசம் ஆவும். பதில் வர இன்னும் ஒரு பன்னெண்டு."

அப்பா டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தங்கை காதில் விழாது என்று உறுதியானதும் மகள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, இன்னும் எட்டத்துல ஒரு நட்சத்திரம் கெடைக்கலியா ஒனக்கு?"