போடுங்க தம்பி

"ஹாஜியாரைக் கூப்பிடுங்கோ. இண்டைக்கு முகத்துக்கு முகம் கதைக்காமல் நான் போகமாட்டன்!"

மாத்தளை டவுனில் அந்த மசாலாக் கடை வாசலில், தோள் பையைக்கூட இறக்காமல் சத்தம் போட்டான் பவித்ரன். உள்ளே மிளகு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்துல் ஸமத் நிமிர்ந்து பார்த்தார்.

"நானாவையா தேடுறீங்க? எங்க இருந்து தம்பி வாறீங்க?"

"வவுனியாவில இருந்து. உங்கட கடையின்ர ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்க்கிறவன் நான்தான்."

"ஓ, நீங்கதானா அது! நானா சொல்லியிருக்காரு. நான் அவர்ட தம்பி. வாங்க, உக்காருங்க. உங்களுக்கு ஒரு விஷயம்..."

"இருக்க வரேல்ல. முதல்ல நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

பவித்ரனுக்குக் கோபம் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. அதிலும் இன்று தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு, வெயிலில் வெந்து வந்திருக்கிறான்.

இரண்டு வருடமாக இந்தக் கடைக்கு அவன்தான் சமூக ஊடக ஆலோசகன். எல்லாம் போனில்தான், ஸக்கரியா ஹாஜியாரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. வேலையைக் கொடுத்த அன்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார். வாட்ஸ்அப்பில் அவர் தன் சொந்தக் குரலில் "போடுங்க தம்பி" என்று சொன்னால்தான் எதையும் பதிவிடலாம். எழுத்தில் வந்தால் செல்லாது. எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமாம்.

ஒருநாள் அவசரத்துக்குக் கேட்காமல் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆரம்பத்தில் இருவருக்கும் ஓயாத சண்டை. பவித்ரன் கோபித்துக்கொண்டு போவதும், ஹாஜியார் சமாதானம் சொல்லி இழுத்து வருவதுமாக எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரர்களே மறந்துவிட்டார்கள். தினமும் விசாரித்தவர் ஹாஜியார்தான்.

"அப்பிடி இருந்த மனுசன், இப்ப கோல் எடுத்தால் எடுக்கிறார் இல்லை!" பவித்ரனுக்கு மூச்சு வாங்கியது. "முந்தி ஒரு படம் அனுப்பினால் நூறு குறை சொல்லுவார். இப்ப என்னத்தை அனுப்பினாலும் 'போடுங்க தம்பி'. போன கிழமை சிவப்புப் பைக்கற்றா பச்சைப் பைக்கற்றா எண்டு கேட்டன். அதுக்கும் 'போடுங்க தம்பி'! என்னைக் கிள்ளுக்கீரை எண்டு நினைச்சிட்டாரோ?"

அப்துல் ஸமத்தின் முகம் மாறியது. "போன கிழமையா?"

"நேற்றும்தான். எனக்கு விளங்கிட்டுது, வேற ஆரையோ பிடிச்சிட்டார். முந்தி அவர் படம் எடுத்தால் பாதிப் படத்தில விரல்தான் தெரியும். இப்ப பளிச்செண்டு வருகுது. நான் வேண்டாமெண்டால் அதை வாயால சொல்லலாம்தானே?"

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நேத்து உங்களுக்குப் பேசினது யாரு?"

"இதென்ன கேள்வி? ஹாஜியார்தான். ரெண்டு வருசமாக் கேக்கிற குரல் எனக்குத் தெரியாதே?"

"இல்ல தம்பி. நீங்க என்னமோ தப்பா வெளங்கிட்டீங்க."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறியள். சரி, இப்பவே காட்டுறன்!"

பவித்ரன் போனை வெளியே எடுத்தான். வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு பேசினான்.

"ஹாஜியார், உங்கட கடையிலதான் நிக்கிறன். என்னைப் பிடிக்காட்டில் நேரில வந்து சொல்லுங்கோ. இல்லையெண்டால் இண்டையோட இந்த வேலையை விடுறன்."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது. வேலையை விடுவதற்கு அவனுக்கு மனதே இல்லை. அந்தக் கிழவர் பழையபடி நாலு ஏச்சு ஏசினால் போதும், சந்தோஷமாக வவுனியாவுக்குத் திரும்பியிருப்பான்.

செய்தியை அந்தப் பக்கம் கேட்டாயிற்று என்று போன் காட்டியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் வர நேரம் எடுத்தது. வந்ததும், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"ஐயோ தம்பி, கோவிச்சிக்காதீங்க. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். நான் இருக்கேன் தானே!"

"கேட்டியளே! மனுசன் வீட்டிலதான் ஒளிச்சிருக்கிறார்!" வெற்றியோடு திரும்பிய பவித்ரன் திகைத்துப்போனான்.

அப்துல் ஸமத் அப்படியே மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அத இன்னொருக்கா போடுங்க தம்பி," என்றார். போட்டான். அந்தக் குரல் முடிவதற்குள் அவருக்குக் கண்ணீர் தாடிவரைக்கும் இறங்கிவிட்டது.

"என்ன நடந்தது? ஏன் அழுகிறியள்?"

"நானா எங்கள விட்டுட்டு மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகுது தம்பி. ஃபோன் அவர்ட பொஞ்சாதி, மஸீனா மதினிக்கிட்ட இருக்கு. புருஷன் போய் இத்தாவுல இருக்கிறவங்க, அந்தத் துக்க நாள் முடியிற வரைக்கும் வெளி ஆம்பளைங்க காதுல தன்ட கொரல் விழ விட மாட்டாங்க. இப்பதான் எனக்கு வெளங்குது, நானா முந்தி உங்களுக்குப் பேசி அனுப்பினதையெல்லாம் தேடித் தேடி எடுத்து, அவர்ட வாயாலயே கடைய நடத்திட்டு இருக்கிறா."