சிவப்பு டப்பா

"இத்த இஞ்சின்ல ஊத்துப்பா. சத்தம் அடங்கிடுமாம்."

வாடகைக் கார் ஓட்டும் சின்னப்பையன் ஒரு சிவப்பு டப்பாவை மெக்கானிக் குணசேகரன் முன்னால் வைத்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருத்தன் மைக் கட்டிக் கூவி விற்றது. ஆயிலோடு கலக்கிற மருந்தாம்.

குணசேகரன் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தான். தேன் மாதிரி நூல் இழுத்தது.

"இத்த நான் ஊத்த மாட்டேன்."

"ஏன், இன்னா கெட்டுப் போச்சு?"

"உன் அம்பாசிடர்ல உள்ள பேரிங் தேஞ்சி கீது. அதான் டக்கு டக்குனு அடிக்குது. இது கெட்டியாப் போயி நடுவுல குந்திக்கும். சத்தம் அடங்கும், தேயறது அடங்காது. புள்ள வயித்து வலின்னு அழுதா வாயப் பொத்துவியா?"

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"இஞ்சின இறக்கணும். நாலு நாள் வண்டிய உடு."

"எங்க உடறது? எங்க தெரு பார்வதம் அக்கா பொண்ணு நாகவல்லிக்கு நெற மாசம். வலி எடுத்தா எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டிதான். ஆனா, 'அந்த டக்கு டக்கு வண்டில ஏறினா என் பொண்ணு வழியிலயே பெத்துடுவா. சத்தத்த நிறுத்து, இல்ல வேற வண்டி பாக்கறேன்'னு சொல்லிட்டுது."

"வேற வண்டியே பாக்கச் சொல்லு. அதான் அந்தப் பொண்ணுக்கு நல்லது."

சின்னப்பையனுக்குச் சுருக்கென்றது. ஷெட்டில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா கீதுபா உன் ஞாயம். டப்பாவுல சரியாப் போனா உனக்கு இன்னா லாபம்? இஞ்சினப் பிரிச்சாதான உனக்குத் துட்டு."

குணசேகரன் முகம் கறுத்தது. டப்பாவை எடுத்து அவன் கையில் திணித்தான்.

"போ, நீயே ஊத்திக்கோ. நடுரோட்டுல நிப்ப. அன்னிக்கு என்னக் கூப்புடாத. கூப்ட்டாலும் வர மாட்டேன்."

சாபம் விடுற வாய் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான் சின்னப்பையன். டப்பாவை அவனே ஊற்றினான். வண்டியைக் கிளப்பினால், நிஜமாகவே சத்தம் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாகவல்லிக்கு வலி எடுத்துவிட்டது.

பார்வதம் பின் சீட்டில் ஏறி மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் பயந்துகொண்டே வந்தவள் அப்புறம் சொன்னாள்:

"பரவால்லயே தம்பி. தொட்டில் கணக்கா போவுது."

"மெக்கானிக் பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு வண்டி பிரிஞ்சி கெடந்திருக்கும்க்கா. பேராசை புடிச்சவன்."

பூந்தமல்லி ரோட்டில் குணசேகரன் ஷெட் வந்தது. அவன் யாருடையதோ ஒரு ஃபியட் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். அம்பாசிடர் பக்கத்தில் போகும்போதுதான் நிமிர்ந்தான். சின்னப்பையன் பார்க்காத மாதிரி தாண்டிப் போனான்.

ஐயப்பன்தாங்கல் டெப்போ தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு எதிரே ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது.

சின்னப்பையன் வண்டியை நிறுத்தவில்லை. போரூர் வரைக்கும் போனால் போதும், அங்கே வேறு வண்டி பிடித்துவிடலாம்.

ஒரு ஃபர்லாங் கூடப் போகவில்லை. அடியில் யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி வண்டி குலுங்கி நின்றது. சாவியைத் திருகினான். இஞ்சின் அசையவில்லை.

"இன்னாப்பா?"

"ஒரு நிமிஷம்க்கா."

நாகவல்லி முந்தானையைப் பல்லால் கடித்திருந்தாள். விட்டு விட்டு வந்த வலி இப்போது விடாமல் வந்தது.

"அம்மா, என்னால முடியல."

"பொறுத்துக்கோ கண்ணு. இங்க வேணாம்டி. ரோட்டுல வேணாம்."

சின்னப்பையன் இறங்கி ஓடிக் கையைக் காட்டினான். ஒரு லாரி நிற்காமல் போனது. ஆட்டோ ஒன்று வந்தது, உள்ளே மூச்சு முட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். பஸ் படியில் ஆள் தொங்கியது.

திரும்பி வந்தவனைப் பார்வதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் போயிட்டா சரியாப் போச்சுன்னு நெனச்சேன். நீயும் அப்டித்தான் நெனச்சியா?"

அவன் மறுபடியும் ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் அந்த ஃபியட் வந்து உரசிக்கொண்டு நின்றது. பானெட் சரியாக மூடக்கூட இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே பனியனோடு குணசேகரன். கையெல்லாம் கிரீஸ். பின் கதவை முழங்கையாலேயே தள்ளித் திறந்தான்.

"பொண்ணத் தூக்கி உள்ள உடு. பாத்து, தலை."

இரண்டு பேருமாகத் தாங்கி நாகவல்லியை ஏற்றினார்கள். பார்வதம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சின்னப்பையன் முன் சீட்டில் ஏறினான். வண்டி பறந்தது.

போரூர் தாண்டினதும் சின்னப்பையன் கேட்டான்.

"நான் நின்னுகினு கீறேன்னு உனுக்கு யாருப்பா சொன்னது?"

குணசேகரன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் சொல்லல. ஷெட்டத் தாண்டறப்ப உன் வண்டிச் சத்தம் கேக்கல. அதான் அப்பவே பின்னால கெளம்பிட்டேன்."