சின்னக் கிட்டார்

"வாங்க வர்றவங்க முன்னாடி, 'இதை விக்க வேண்டாங்க, எனக்கு வேணும்'னு கெஞ்சு. கிராக்கி தானா ஏறும்," என்று, பழுதுபார்த்த முதல் கிட்டாரை விற்றபோது கணவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"நிஜமாவே வேணும்னா என்னங்க சொல்றது?"

"அடிப் போடி, நடிகை!"

இப்போது ஜன்னல் வெயில் அந்தச் சின்னக் கிட்டாரின் புது மெருகில் வழுக்குகிறது. பழையது, மலிவானது, பிளந்த பலகையோடு வந்தது. அவர் பசை தடவ, விரிசல் மூடும்வரை அழுத்திப் பிடித்திருந்தவள் அவள்தான். நகக்கண்ணில் இன்னும் பசை காய்ந்திருக்கிறது. பெரிய கிட்டார்களைக் கட்டிக்கொண்டு தோள் வலித்தவளின் மடியில், இது அளவெடுத்துச் செய்ததுபோல் அடங்குகிறது. வழக்கம்போல் வாசித்துக் காட்டுகிறாள். வாங்க வந்த பெண் தலையாட்டிக்கொண்டே உறையின் ஜிப்பைத் திறக்கிறாள். கம்பியின் அதிர்வு அடங்குவதற்குள் கணவர் கிட்டாரைத் தூக்குகிறார். 'உம், சொல்லு' என்பதுபோல் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்று கிட்டாரின் கழுத்தை அவள் கை விடவில்லை. தனக்கென்று ஒன்று கேட்க இத்தனை வருஷம் தயங்கியவளுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவரோ அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இதை விக்க வேண்டாங்க," என்கிறாள். "எனக்கு வேணும்."