பிளாஸ்டிக் தொடையெலும்பு

ஹம்பேர்க்கில் செயற்கை இடுப்பு மூட்டு விற்கப் பயிலும் சிவப்பிரியாவுக்கு இன்று கடைசித் தேர்வு. தேறினால் விற்பனை வேலை. இல்லையேல் மறுபடி உணவகத்தில் கோப்பை கழுவ வேண்டும். பயிற்சிக்கான பிளாஸ்டிக் தொடையெலும்புக்குள் மூட்டின் உலோகத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அறைகிறாள். ஒவ்வோர் அடிக்கும் துறைமுகத்தில் ஒரு கப்பல் பயந்து ஊதுகிறது. "அக்கா, மெல்ல அடியுங்கோ, ஆள் செத்துப்போடும்," என்கிறான் கூடப் படிக்கும் அனுஜன். ஆறாவது அடியில் எலும்பு வெடிக்கிறது. ஒரு சில்லு தேர்வு நடத்தும் ஜெர்மன் மருத்துவரின் கன்னத்தைக் கிழிக்கிறது. இன்னொன்று அவள் கால் சப்பாத்தில் விழுகிறது. சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள். "அது என்ன?" என்கிறார் மருத்துவர், ரத்தம் வழிய. "கால் பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்." "என்னிடமா?" "இல்லை, நோயாளியிடம்." அவர் கன்னத்தைப் பொத்தியபடி புதிய எலும்பொன்றை மேசையில் பூட்டி, சுத்தியலை அவளிடமே நீட்டுகிறார். மற்ற எல்லாரும் சுவரோரம் ஒதுங்குகிறார்கள்.