மருமகளின் வயிற்றுவலி

"மாசாமாசம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துக்கிறே. நாங்கல்லாம் பொம்பளைங்க இல்லையா?" சுரபாயா ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதே மாமியார் சுலாஸ்திரி ஆரம்பித்துவிட்டார். "மஞ்சளும் புளியும் கரைச்சுக் குடிச்சாத் தீர்ந்தது. அந்த டாக்டர் பேச்சைக் கேட்டு இப்ப ஸ்கேன் வேற!"

போன தடவை டாக்டர் சொன்னதே மருமகள் வெனிங்கின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கிருக்கிற எண்டோமெட்ரியோசிஸுக்கும், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு வெளியே வளர்ற நோய்க்கும், சினைப்பைப் புற்றுநோய்க்கும் உடம்புக்குள்ள சில காரணங்க பொதுவா இருக்கும்மா. பயப்படாதே, நூத்துல தொண்ணூத்தெட்டுப் பேருக்குப் புற்றுநோய் வராது. ஆனா வயிறு உப்பினாலோ, ரெண்டு வாயிலயே சாப்பாடு போதும்னு தோணினாலோ உடனே வரணும்."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

கதவு திறந்தது. "சுலாஸ்திரி அம்மா, உள்ள வாங்க."

வெனிங் கைகொடுத்து மாமியாரை எழுப்பினாள். கொஞ்ச நாளாகத் தட்டில் பாதியை மிச்சம் வைத்தவரும், வயிறு உப்பி, இடுப்பில் கட்டிய சாரோங்கின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டே வந்தவரும் அவர்தான். கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேன் எடுக்க வைத்தவள் வெனிங்.

"சினைப்பையில கட்டி இருக்கு. பரவின மாதிரி தெரியலை. சீக்கிரம் எடுத்துடணும்," என்றார் டாக்டர், ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும். "சின்ன வயசுல மாசாமாசம் வலி இருந்துச்சா?"

சுலாஸ்திரி தலை குனிந்தார். "இவளைவிட அதிகமா. துணியைக் கடிச்சுக்கிட்டேதான் சமைச்சேன்."

"ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"யாருடி கேட்டா?" என்றவர், மருமகளின் கையை விடவில்லை. "ஆபரேஷன் அன்னிக்கு நீ கூடவே இருப்பேல்ல?"